பதிமூன்றாவது நிலையம்

எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருடைய நாற்காலியும் நைந்துபோயிருக்கும். சக்கரம் அக்காவுடையது மட்டும் கடையிலிருந்து இறக்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். அவர் அதில் உட்கார்ந்தால்தானே நைவதற்கு! தட்டச்சு செய்வதுகூட நின்றுகொண்டுதான். இரண்டு வரி எழுதுவார், ஜன்னல் வரை போவார், திரும்பி வந்து மூன்றாவது வரியை எழுதுவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று யாரோ சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. ஒருநாள் அவசரத்தில் அங்கேயும் ‘சக்கரம்’ என்றே கையெழுத்துப் போட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்துத் திருத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அங்கே மூன்றாவது மேசை. தொலைபேசி எடுப்பது என் வேலை. அக்கா கணினிக்காரர். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குடமும் பத்து வயது வித்தியாசமும்தான்.

சின்ன வயதில் அவருக்குச் சோறு ஊட்டுவதற்குள் அம்மாவுக்கு நாலு தெரு சுற்றிய அலுப்பு வந்துவிடுமாம். பள்ளியில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டே கணக்குப் போட்ட ஒரே மாணவி அவர். கல்யாணம் ஆனதும் அந்தக் காலால்தான். நடக்கிற வேகத்தில் மூக்குக் கண்ணாடி அடிக்கடி கீழே விழும். மாதம் மூன்று தடவை கண்ணாடிக் கடைக்குப் போவார். அங்கே லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நான்காவது மாதத்தில், “கண்ணாடி உடையலைன்னாலும் வரலாம்” என்றார். அவர்தான் இன்றைக்கு வீட்டுக்காரர். ஒரே மகள். தேர்வுக்குப் படிக்கும்போது, “அம்மா, தரை தேயுது. பக்கத்து ரூம்ல போய் நட” என்று விரட்டுகிற மகள்.

இனி அந்த வாரத்தைச் சொல்ல வேண்டும்.

யாராவது எங்களை அழைத்தால், இடத்தைக் கேட்டு நாங்கள் திரையில் பதிவோம். எந்த ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து வண்டி சீக்கிரம் போய்ச் சேரும் என்று திரை சொல்லும். நகரத்தில் மொத்தம் பதிமூன்று நிலையங்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதியவர் அக்காதான். படிக்கவும் மாற்றவும் எளிதான மொழி, ஆனால் ஆயிரக்கணக்கான தெருக்களை வைத்து வழி கணக்கிடச் சொன்னால் மூச்சு வாங்கும். அதனால் அந்தக் கணக்கை மட்டும் அக்கா சி மொழியில் எழுதி, கணினி நேரடியாகப் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றி, பைத்தானோடு சேர்த்திருந்தார். அதற்கு எங்கள் அறையில் ‘ஒட்டு’ என்று பெயர். “ஒட்டு மக்கர் பண்ணுது” என்றால் எல்லோருக்கும் புரியும்.

பழைய கணினிகளை மாற்றப்போவதாக ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு புதன்கிழமை காலையில் புதியவை வந்து இறங்கின. அடுத்த திங்கட்கிழமை அவை வேலைக்கு வர வேண்டும். அதுவரை அழைப்புகளைப் பழையவையே பார்த்துக்கொள்ளும்.

புதிய கணினியில் எல்லாம் ஏறியது. ஒட்டு மட்டும் ஏறவில்லை. அப்படி ஒரு ஒட்டே இல்லை என்று திரை சாதித்தது. கோப்பு அங்கேயே இருந்தது, எனக்கே தெரிந்தது.

“கண்ணு முன்னாடி இருக்கிறதை இல்லைங்குது பாரு” என்றார் அக்கா. “இது பழைய பைத்தானுக்காகச் செஞ்சது. புதுசுக்கு இதோட முகம் தெரியலை.”

மூலத்திலிருந்து மறுபடி உருவாக்கினார். அதற்குத் தேவையான கோப்புகள் சில புதிய கணினியில் இல்லை, கொண்டுவந்து போட்டார். பிறகு ஒட்டின் வாசலே மாறிவிட்டது என்று தெரிந்தது. பழைய பைத்தான் ஒரு பெயரைச் சொல்லி உள்ளே அழைக்கும், புதியது வேறு பெயரைச் சொல்லி அழைக்கும். அதையும் மாற்றினார். அப்புறம் அவர் நம்பியிருந்த பழைய கட்டளைகளில் பதினோரு கட்டளைகள் புதிய பதிப்பில் இல்லை. ஒன்றை மாற்றினால் அடுத்தது இல்லை என்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை ஜன்னல் வரை போய் வந்தார். வியாழக்கிழமை மதியத்துக்குள் எங்கள் கழுத்து வலித்துவிட்டது.

மாலை நான்கு மணிக்கு ஒட்டு ஏறியது. கைதட்டினோம். ஒரு சோதனை முகவரியைக் கொடுத்தார். நிரல் பொட்டென்று செத்துப்போனது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை, ஒன்றும் இல்லை.

“திட்டினாக்கூடப் பரவாயில்லை, எதுக்குத் திட்டுதுன்னு பாக்கலாம். வாயே தொறக்காம சாகுதே!”

அன்று வீட்டுக்குப் போகிற பேருந்திலும் அவர் உட்காரவில்லை என்று கேள்வி. பாதிப் பேருந்து காலியாக இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை காலை வந்ததும், நிரலை ஒவ்வொரு அடியாக நடக்கவிட்டு வேவு பார்க்கும் கருவி ஒன்றை மாட்டினார். எந்த வரியில் உயிர் போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். பத்தரை மணிக்குப் பிடித்துவிட்டார். பைத்தான் தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் கையில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்குமாம். எண்ணிக்கை பூஜ்யமானால் அதைத் தூக்கிப் போட்டுவிடும். ஒட்டு, இரவலாக வாங்கிய ஒரு பட்டியலைத் தன்னுடையது என்று நினைத்து, வேலை முடிந்ததும் கைவிட்டிருக்கிறது. பட்டியல் குப்பைக்குப் போய்விட்டது. அதை அடுத்து யார் தொட்டாலும் மரணம்.

“இரவல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்ட மாதிரி” என்று எனக்கு விளக்கினார். “பழைய பைத்தான்ல எப்படியோ தப்பிச்சிருக்கேன்.”

அந்த ஒரு வரியை எடுத்தார். ஒட்டு ஏறியது, நிரல் சாகவில்லை. சந்தைப் பக்கத்து முகவரி ஒன்றைக் கொடுத்தார். திரை சொன்னது: பதிமூன்றாவது நிலையம்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரயில் நிலையத்து முகவரியைக் கொடுத்தார். பதிமூன்று. பெரிய மருத்துவமனை வாசலையே கொடுத்தார். அங்கே மதிலுக்கு இந்தப் பக்கம் இரண்டாவது நிலையம் இருக்கிறது. அதற்கும் பதிமூன்று.

அறையே சிரித்தது. ஏன் என்று சொல்ல வேண்டும். பதிமூன்றாவது நிலையம் நகரத்தின் ஓரத்தில், கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு எங்கள் அறையில் ‘ஓய்வு இல்லம்’ என்று பெயர். அங்கே அழைப்பே போகாது. மற்ற பன்னிரண்டிலும் வண்டி இல்லாத சமயத்தில்தான் அதன் பெயர் திரையில் வரும். அங்கே வேலை பார்ப்பவர்கள் தூங்கியே கொழுத்தவர்கள் என்று பேச்சு. அழைப்பு இல்லாத நிலையம் எதற்கு என்று அடுத்த மாதக் கடைசியில் அதை மூடவும் உத்தரவாகியிருந்தது.

“மூடப்போற நேரத்துல பாருங்க, அதிர்ஷ்டம் கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொட்டுது” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. பதிமூன்று நிலையங்களுக்கும் ஒட்டு கணக்கிட்ட நிமிடங்களை வரிசையாகத் திரையில் வரவழைத்தார். ஏழு, பதினொன்று, நான்கு, பத்தொன்பது என்று பன்னிரண்டு எண்கள் ஒழுங்காக இருந்தன. பதிமூன்றாவது: பூஜ்யம். எங்கிருந்து அழைத்தாலும் பதிமூன்றாவது நிலையத்து வண்டி பூஜ்யம் நிமிடத்தில் வந்துவிடும் என்று கணக்கு சொன்னது.

சி நிரலைத் திறந்தார். பத்து வருடத்துக்கு முன்னால் அவர் எழுதியது. அப்போது நிலையங்கள் பன்னிரண்டுதான். அடுத்த வருடம் பதிமூன்றாவது வந்தபோது, எண்களுக்கு இடம் ஒதுக்கும் வரியில் பதிமூன்று என்று மாற்றியிருந்தார். அந்த இடங்களை நிரப்பும் வரி, இருபது வரி தள்ளி, பன்னிரண்டு என்றே இருந்தது. பதிமூன்றாவது இடத்தில் யாரும் எதையும் எழுதவே இல்லை.

“நிரப்பாத இடத்துல என்ன இருக்கும்?” என்று கேட்டேன்.

“முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது இருக்கும். புது மிஷின்ல கூட்டித் துடைச்சு வெச்சிருக்கு, அதனால பூஜ்யம்.” விடை கிடைத்த சந்தோஷத்தில் அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடியே வெளிறியது. “அப்ப பழைய மிஷின்ல?”

அறையின் மறுகோடியில் பழைய கணினி வெப்பமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த நிமிடம்கூட அதுதான் அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தொந்தரவு வராமல் எண்களை மட்டும் எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு எண்கள் ஒழுங்காக. பதிமூன்றாவது இடத்தில் இருந்த எண் திரையின் அகலத்தைத் தாண்டி அடுத்த வரிக்கு வழிந்தது. வேறு முகவரி கொடுத்தார். மறுபடியும் ராட்சச எண். அந்த நிலையத்திலிருந்து வண்டி வந்து சேர, உலகம் தோன்றி இன்றுவரை ஆன நிமிடங்கள் போதாது என்று பழைய கணினி சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாக.

சக்கரம் அக்கா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் சிரிப்பை நிறுத்தினோம். மேற்பார்வையாளர் எழுந்து வந்தார். இருபது வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர் என்பதால் அவர் எங்களுக்கு நர்ஸம்மா.

“உடம்பு சரியில்லையா?”

“நர்ஸம்மா, பதிமூணு தூங்கலை. நான்தான் அவங்களை எழுப்பவே இல்லை.”

நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். நர்ஸம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மத்ததெல்லாம் அப்புறம். இந்த நிமிஷம் ஒரு போன் வந்தா என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லு.”

பழைய கணினியைத் தொட்டால் எல்லாமே நின்றுபோகலாம். அதனால் பதிமூன்றாவது நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் பட்டியலை அக்கா கையால் எழுதினார். கிறுக்கல் எழுத்து, நாற்பத்தாறு தெருக்கள். நர்ஸம்மா அதை நகலெடுத்து ஒவ்வொரு மேசையிலும் ஒட்டினார். “இந்தத் தெருவிலேர்ந்து போன் வந்தா திரையைப் பாக்காதீங்க. பதிமூணை அனுப்புங்க.” பதினைந்து நிமிடத்தில் முதல் அழைப்பு வந்தது, என் மேசைக்கு. கிடங்குத் தெருவில் ஏணியிலிருந்து விழுந்த ஒருவர். பதிமூன்றாவது நிலையத்துக்கு நான் பேசியபோது மறுமுனையில் இருந்தவர், “எங்களையா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

இயக்குநர் அறைக்கு அக்கா அன்று மாலையே போனார். இயக்குநர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“திங்கட்கிழமை புது மிஷின்ல இது சரியாயிடும்ல?”

“சரியாயிடும் சார். அந்த வரியை மாத்தியாச்சு.”

“அப்போ விடுங்களேன்மா. ஏன் பழசைக் கிளறணும்?”

அக்காவுக்கு விடத் தெரியாது. ஒன்பது வருட அழைப்புப் பதிவு முழுவதையும் திருத்திய ஒட்டின் வழியாக ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டார். இயக்குநர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் அறைக்கு வந்து ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு அழைப்புகளில் பதிமூன்றாவது நிலையமே பக்கத்தில் இருந்திருக்கிறது. வண்டி வேறு எங்கிருந்தோ போயிருக்கிறது. பெரும்பாலானவற்றில் மூன்று நிமிடம், நான்கு நிமிடம் தாமதம். சிலவற்றில் பதினொன்று. முப்பத்தொரு பதிவுகளில், வண்டியில் போனவர் கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது ஒரே வாசகம்: ‘சென்று சேர்ந்தபோது உயிர் இல்லை.’

வீட்டுக்குப் போனவர் சாப்பிடவில்லை. சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. மகள் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தாள். இந்தத் தடவை அவள் தரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவோடு சேர்ந்து வாசல் வரை நடந்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

ஞாயிறு காலையில் அவர் கணவர் செருப்பை எடுத்து வைத்தார். “உட்காருன்னு சொன்னா நீ கேக்கப்போறதில்லை. வா, வெளியில நடப்போம்.”

அசையாமல் உட்கார்ந்தே பிழைக்கிற அந்த மனிதர் இரண்டு மணி நேரம் கூடவே நடந்தார். முழங்கால் வலியைச் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். “இதை முதல்ல யாருக்குச் சொல்லணும்னு உனக்குத் தோணுது?”

“பதிமூணுக்கு.”

“அப்போ பஸ் ஏறலாம். என் காலுக்கும் நல்லது.”

நிலையம் ஒரு பழைய கிடங்கின் முன்பகுதி. ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர், ஒரு முதலுதவியாளர். சுவரோரமாக நாற்காலிகள் அடுக்கியிருந்தன, முப்பதுக்கு மேல். மற்ற நிலையங்களில் கால் உடைந்து வீசியவற்றையெல்லாம் ஓட்டுநர் வாங்கிவந்து சரிசெய்து வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் பசை டப்பாவோடு எழுந்து நின்றார்.

“கட்டுப்பாட்டு அறையிலிருந்தா? நல்லவேளை வந்தீங்க. ஏதோ கோளாறுங்க. வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஒன்பது தடவை கூப்பிட்டுட்டாங்க!”

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டுநர் பசை டப்பாவின் மூடியைத் தேடினார். கையிலேயே இருந்தது. முதலுதவியாளர், இளம்பெண், வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒன்பது வருஷம்” என்றார் ஓட்டுநர். “நான் சோம்பேறின்னு ஊரே சொல்லுச்சு. போகட்டும். என் பொண்டாட்டியே நம்பிட்டா. வேலைக்குப் போறேன்னு சொன்னா, ‘தலையணை எடுத்துக்கிட்டீங்களா’ன்னு கேப்பா.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “இந்த வாசல் வழியா அஞ்சாம் நம்பர் வண்டி சைரன் போட்டுக்கிட்டுப் போகும். அடுத்த தெருவுக்கு. நான் இங்க நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். நான் எழுதிக் கொடுத்தேங்க. ரெண்டு தடவை.”

உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. அவருடைய புகார், அதன் கீழே பதில். ‘நிரல் சரிபார்க்கப்பட்டது. பதிமூன்றாவது நிலையம் பட்டியலில் உள்ளது. பிழை ஏதும் இல்லை.’ அதற்குக் கீழே கையெழுத்து.

அக்கா அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். அவருடையதுதான். எழுதிய நினைவே இல்லை. பட்டியலைத் திறந்து, பதிமூன்றாவது பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடியிருப்பார். அவர் எப்போதும் ஓடுகிறவர்தானே. ஒரே ஒரு முகவரியைக் கொடுத்து எண்ணைப் பார்த்திருந்தால் போதும். அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

“இது நான்” என்றார்.

ஓட்டுநர் ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு மணி அடித்தது. முதலுதவியாளர் முகவரியைக் கேட்டுக்கொண்டே பையைத் தூக்கினாள். ஓட்டுநர் பசை டப்பாவை அக்காவின் கையில் திணித்துவிட்டு ஓடினார். வண்டி சீறிக்கொண்டு வெளியே போனது. அவர் என்ன சொல்ல வந்தார் என்று அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பிறகு கேட்கவும் துணிவு வரவில்லை.

திங்கட்கிழமை புதிய கணினிகள் வேலைக்கு வந்தன. சந்தைக்கு நான்காவது நிலையம், ரயிலடிக்கு ஏழாவது, கிடங்குத் தெருவுக்குப் பதிமூன்றாவது. எல்லாம் ஒழுங்கு. அதே நாளில் அக்கா மூன்று பக்க வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தார்.

“இதை ஏம்மா சேர்க்கிறீங்க? இதைப் பத்தி யாரும் கேக்கலையே” என்றார் இயக்குநர்.

“நான் கேக்கிறேன் சார்.”

விசாரணை இரண்டரை மாதம் நடந்தது. அது முடியும்வரை நிரல் பக்கம் போகக் கூடாது என்று அக்காவைத் தொலைபேசி மேசையில் உட்காரவைத்தார்கள். என் பக்கத்து மேசை. காதில் மாட்டும் கருவியின் கம்பி ஒன்றரை முழம். அதற்கு மேல் நடக்க முடியாது. கம்பி இழுக்கும்வரை போய், நின்று, திரும்புவார். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி. முதல் வாரம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அப்புறம் இல்லை. வண்டி வரும்வரை மறுமுனையில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று அவர்கள் கேட்பார்கள். “நாலு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, அந்த நாலு நிமிடத்தையும் நொடி நொடியாக அவர்களோடு இருந்து கழிப்பார் அக்கா. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் தண்ணீர் குடிப்பார். “நாலு நிமிஷம்னா பதிவுல ஒரு எண்ணு. எவ்வளவு நீளம்னு இப்பதான் தெரியுது” என்றார் ஒருநாள், என்னைப் பார்க்காமல்.

தீர்ப்பு வந்தது. எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை, அவ்வளவுதான். புகார் வந்தால் நிரலை எழுதியவரே சரிபார்க்கிற முறைதான் பெரிய தவறு என்று அறிக்கை சொன்னது. விசாரணை தொடங்கியதுமே நிறுத்திவைத்திருந்த, பதிமூன்றாவது நிலையத்தை மூடும் உத்தரவு ரத்தானது. முப்பத்தொரு குடும்பங்களுக்கும் உண்மையை எழுதி அனுப்பியே ஆக வேண்டும் என்று நர்ஸம்மா மேசையைத் தட்டினார். கடிதத்தை எழுத இயக்குநருக்கு மூன்று வாரம் ஆனது. ஆனாலும் ‘பிழை ஏதும் இல்லை’ என்ற அந்தப் பழைய பதிலைக்கூட மறைக்காமல் அவரே எழுதினார், அவரே கையெழுத்துப் போட்டார். ஒன்பது கடிதங்கள் வீடு மாறிவிட்டார்கள் என்று திரும்பின. இருவர் வக்கீல் வைத்தார்கள். அது இன்னும் நடக்கிறது. மற்றவர்கள் பதில் போடவில்லை. ஒரே ஒருவர் நேரில் வந்தார்.

தையல் வேலை செய்கிறவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் கணவருக்கு நெஞ்சு வலி. வண்டி பத்து நிமிடத்தில் வந்தது. நான்கு நிமிடத்தில் வந்திருக்க வேண்டியது.

“அந்த இடத்தைக் காட்டுங்க” என்றார்.

அக்கா அவரைத் தன் மேசைக்கு அழைத்துப்போனார். பழைய நிரலைத் திறந்தார். இடம் ஒதுக்கிய வரியைக் காட்டினார், பதிமூன்று. கீழே வந்து நிரப்புகிற வரியைக் காட்டினார், பன்னிரண்டு.

தையல்காரம்மா கிட்டே குனிந்து, ஊசியில் நூல் கோக்கிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“ஆறு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருப்பாரா?”

அக்கா நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா பக்கத்தில் வந்து நின்றார். “சொல்ல முடியாதும்மா. பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். தெரியும்னு சொன்னா பொய்.”

“பத்து நிமிஷம் நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, இதோ வந்துடும், இதோ வந்துடும்னு சொன்னேன்” என்றார் அவர். “அவர் நம்பினார்.” பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “நீங்களா எழுதினது?”

“நான்தான்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். குடித்துவிட்டு, “இப்ப அந்த நிலையம் வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்? நீங்க சொல்றீங்க. அப்பவும்தானே சொன்னீங்க” என்றார். புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிப் போனார்.

அந்தக் கேள்விதான் அக்காவைப் பிடித்து ஆட்டியது. ஒரு வாரம் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தபடியே இருந்தார். பிறகு நர்ஸம்மாவிடம் போய் ஒரு ஏற்பாடு சொன்னார். நிரலை எழுதுகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் வேறொருவர் என்று ஆனது. புகார்க் கடிதம் வந்தால் முதலில் நர்ஸம்மா கைக்குப் போகும். அதற்கு மேல் அக்கா தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை தோறும் ஏதாவது ஒரு நிலையத்தின் பக்கம் போய், அந்தத் தெருக்களில் நடந்து, பத்து வீட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, அங்கே நின்றபடியே எங்களை அழைப்பார். வண்டி கிளம்பாத சோதனை அழைப்பு. திரையில் என்ன வருகிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். பதிமூன்று வாரத்தில் ஒரு சுற்று, மறுபடியும் முதலிலிருந்து. அவர் கணவர் சில வாரம் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, முழங்காலுக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டு கூடப் போவதுண்டு.

பதிமூன்றாவது நிலையத்து ஓட்டுநருக்கு இப்போது நாற்காலி சரிசெய்ய நேரம் இல்லை. “சாப்பிடக்கூட விட மாட்டேங்கிறீங்களே” என்று எங்களிடம் சிடுசிடுப்பார். மற்ற எல்லா ஓட்டுநர்களும் சொல்வதுதான் அது.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. என் மேசை மணி அடித்தது. எடுத்தால் அக்கா. இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

“பாலத்துக்கு அடுத்த தெரு, நாப்பத்திரெண்டாம் நம்பர் வீட்டு வாசல். யார் வராங்க?”

“ஒன்பது, அக்கா. அஞ்சு நிமிஷம்.”

“பத்தாவதுதானே கிட்ட இருக்கு?”

“பாலத்துக்குக் கீழ தண்ணி நிக்குதாம். பத்தாவது வண்டி சுத்தித்தான் வரணும்.”

மறுமுனையில் மழைச் சத்தத்துக்கு நடுவே குடை விரிக்கிற சத்தம் கேட்டது.

“இரு, வெக்காதே. தண்ணி நிக்குதான்னு நான் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். செருப்புச் சத்தம் வேகமாகத் தொடங்கியது.